காற்றா, காலனா?

(தொலைக்காட்சி அரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி இதுதான். இதயத் தசையின் செல் ஏன் சாகிறது? அதைச் சாகவிடாமல் காப்பாற்ற வழி இருக்கிறதா? கல்லூரியில் இதை ஒரு பருவம் முழுக்கப் பாடமாக நடத்துவார்கள். எனக்குக் கிடைத்திருப்பது ஒரு சிறு பொழுது. அதனால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஓர் ஊரை எடுத்துக் கொள்கிறேன். சிம்பாங் ரெங்கம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் மாவட்டத்தில் இருக்கும் சிறிய பட்டணம் அது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் ஹீத்தாம், மாச்சாப் இரண்டையும் தாண்டித் தெற்கே வந்தால் அடுத்த வெளியேறும் வழி. பெயரைச் சொன்னதும் பலருக்குத் தடுப்பு முகாம்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு அந்தச் செம்பனைக் காடும், அதற்குள் போகிற மண் சாலையும், சாலையின் கடைசியில் இருக்கிற நம்மவர் வீடுகளும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கிருந்து குளுவாங் ஏறக்குறைய 30 கிலோ மீட்டர். ஜொகூர் பாரு ஏறக்குறைய 80 கிலோ மீட்டர். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்வோம். விடியற்காலை நான்கு மணி. ஐம்பத்து நான்கு வயது லோரி ஓட்டுநர் திடீரென்று எழுந்து உட்காருகிறார். நெஞ்சின் மேல் யாரோ பாறாங்கல்லைத் தூக்கி வைத்ததுபோல இருக்கிறது. சட்டை தொப்பலாக நனைந்து விட்டது. மனைவி விளக்கைப் போடுகிறார். "ராத்திரி அந்த நேரத்துல ரொட்டி சானாய் சாப்பிடாதீங்கன்னு சொன்னேன்ல, காத்து அடைச்சிருக்கு" என்கிறார். சுடுதண்ணீர் வருகிறது. கோடாலித் தைலம் வருகிறது. முதுகை நீவி விடுகிறார்கள். ஓர் ஏப்பம் வந்ததும் எல்லாருக்கும் நிம்மதி. "விடியட்டும், கிளினிக் எட்டு மணிக்குத் திறப்பாங்க, போய்ப் பார்த்துக்கலாம்."

நான்கிலிருந்து எட்டு வரை, நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் அவருடைய நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த கதை.

ஆலைக்குள் ஓர் ஆலை

நம் இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. கைக்கு ஓய்வு உண்டு, காலுக்கு ஓய்வு உண்டு. இதற்குக் கிடையாது. இந்த உழைப்புக்கான சக்தியை இதயச் செல்லுக்குள்ளேயே இருக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் தயாரிக்கின்றன. ஒரு செல்லில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இவையே அடைத்துக் கொண்டிருக்கின்றன. வீட்டில் மூன்று அறை இருந்தால் ஒரு முழு அறை ஜெனரேட்டருக்கு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

செம்பனை ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சுகிற நாரையும் ஓட்டையும் எரித்துத்தான் ஆலை தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் எடுத்துக் கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான். பெரும்பாலும் கொழுப்பை எரிக்கிறது, கொஞ்சம் சர்க்கரையை எரிக்கிறது, ஏடிபி என்கிற சக்திப் பொருளைத் தயாரித்துக் கொடுக்கிறது. எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இரத்தத்தில் வருகிறது. இரத்தம், பென்சில் அகலம்கூட இல்லாத குழாய்கள் வழியாக வருகிறது. கைவசம் இருக்கிற ஏடிபி சில விநாடிகளுக்குத்தான் போதும். சேமிப்புக் கிடங்கு என்று ஒன்று இல்லை. அன்றாடங்காய்ச்சிப் பிழைப்பு.

நம் லோரி ஓட்டுநருக்கு என்ன ஆனது? குழாயில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, வழி அடைத்து விட்டது. ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதித் தசை சுருங்குவதை நிறுத்தி விடுகிறது. உடனே செத்து விட்டதா என்றால் இல்லை. உயிரைப் பிடித்துக் கொண்டு காத்திருக்கிறது. ஆனால் உள்ளே அமிலம் ஏறுகிறது. சோடியம் ஏறுகிறது, அதன் பின்னால் கால்சியம் ஏறுகிறது. இதில் ஒரு கொடுமையைக் கேளுங்கள். ஏடிபியைத் தயாரிக்கிற அதே எந்திரம் ஆக்சிஜன் இல்லாதபோது பின்பக்கமாகச் சுழல ஆரம்பித்து, மிச்சமிருக்கிற ஏடிபியைத் தானே தின்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஏறக்குறைய இருபது நிமிடம் வரை இரத்தம் திரும்பி வந்தால் செல் பிழைத்துக் கொள்ளும். அதற்குப் பிறகு சாவு தொடங்குகிறது, இதயச் சுவரின் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்தை நோக்கி, அலை மாதிரி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரெய்மர், ஜென்னிங்ஸ் முதலியோர் 1977இல் நாய்களின் இதயத்தில் இதை அளந்து காட்டினார்கள். 40 நிமிட அடைப்பில், ஆபத்திலிருந்த தசையில் 38 விழுக்காடு செத்திருந்தது. 3 மணி நேரத்தில் 57 விழுக்காடு. 6 மணி நேரத்தில் 71 விழுக்காடு. மனித இதயத்தில் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அலை அடிக்கிற திசை மாறாது.

செத்தால் மறுபடி முளைக்காதா என்று கேட்பீர்கள். தோல் உரிந்தால் வளர்கிறதே! 2009இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் இதற்கு விடை கண்ட விதமே ஒரு கதை. பனிப்போர்க் காலத்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த ஒரு வகைக் கார்பன் எல்லாருடைய உடம்பிலும் ஏறியிருக்கிறது. அதை வைத்துச் செல்லின் வயதைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் இதயத் தசைச் செல்கள் ஆண்டுக்கு 1 விழுக்காடு புதுப்பிக்கப்படுகின்றன. 75 வயதில் அது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு நள்ளிரவில் கோடிக்கணக்கில் போனதை இந்த வேகத்தில் ஈடுகட்ட முடியாது. அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும், தழும்பு துடிக்காது.

கதவு திறக்கிற நேரம்

அடைப்பை நீக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். தீரவில்லை. இரத்தம் திரும்பப் பாய்கிற முதல் சில நிமிடங்களில் இன்னொரு கூட்டம் செல்கள் சாகின்றன. நெடுநேரம் பட்டினி கிடந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள் திடீரென்று ஆக்சிஜன் புகும்போது நச்சுத் துகள்கள் கிளம்புகின்றன. ஏற்கெனவே கால்சியம் நிறைந்து கிடக்கிறது. அப்போது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சுவரில் ஒரு துளை திறக்கிறது. அந்தக் கதவு திறந்து அப்படியே நின்றுவிட்டால் மின்னழுத்தம் போய்விடும், தண்ணீர் புகுந்து மைட்டோகாண்ட்ரியா ஊதி வெடிக்கும். உள்ளிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்து வெளியே வந்தால், அதுவே செல்லுக்குத் தற்கொலைக் கட்டளை.

அப்படியானால் அந்தக் கதவைச் சாத்தி வைக்க ஒரு மருந்து கண்டுபிடித்தால் போதுமே! உலகம் முழுக்க நாற்பது ஆண்டுகளாக இந்த ஒரு கதவுக்குத்தான் பூட்டுத் தேடினார்கள்.

தேடலுக்கு ஊக்கம் கொடுத்தது 1986இல் அதே டியூக் பல்கலைக்கழகத்தில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் மூவரும் கண்ட ஓர் அதிசயம். நாயின் இதயக் குழாயை ஐந்து நிமிடம் அடைத்து, ஐந்து நிமிடம் திறந்து, இப்படி நான்கு தடவை செய்து விட்டு, அதன் பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். பாதிப்பு அதிகமாக இருக்க வேண்டும் அல்லவா? மாறாக, சாதாரணமாக ஏற்படும் சேதத்தில் நான்கில் ஒரு பங்குதான் ஏற்பட்டது. சின்னச் சின்ன அடிகளைத் தாங்கிய செல், பெரிய அடிக்குத் தன்னைத் தயார் செய்து கொள்கிறது. அந்தத் தயாரிப்பு முடிகிற இடம் மைட்டோகாண்ட்ரியாவின் அந்தக் கதவுதான் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அதே கட்டுரையில் இன்னொரு வரி உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. 40 நிமிடத்துக்குப் பதிலாக 3 மணி நேரம் அடைத்தபோது இந்தப் பாதுகாப்பு வேலை செய்யவில்லை. எவ்வளவு தயார் செய்து கொண்டாலும் செல் வாங்குவது கொஞ்சம் தவணைதான். தவணை முடிந்தால் ஜப்தி.

பிறகு மனிதர்களிடம் சோதித்தார்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் கொடுக்கிற சைக்ளோஸ்போரின் மருந்துக்கு அந்தக் கதவைச் சாத்துகிற குணம் உண்டு. 2008இல் பிரான்சில் 58 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. எல்லாரும் கொண்டாடினார்கள். 2015இல் 970 நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் ஒன்றுமில்லை. இன்னொரு வழி, இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தி, இதயத்துக்குத் தூரத்திலிருந்தே பாதுகாப்புக் கொடுப்பது. செலவே இல்லாத வைத்தியம், நமக்கெல்லாம் எவ்வளவு வசதி! நம் பக்கத்துச் சிங்கப்பூரில் பணியாற்றிய டெரெக் ஹாசன்லாய் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 5,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். 2019இல் முடிவு வந்தது. மரணத்தையும் குறைக்கவில்லை, இதயம் பலவீனமாவதையும் குறைக்கவில்லை.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் அந்த முடிவுகளை மறைக்காமல் வெளியிட்டார்களே, அந்த நேர்மையை மதிக்கிறேன்.

செம்பனை மாத்திரை

நேர்மை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ரப்பர்ப் பாலிலும் செம்பனை எண்ணெயிலும் டோக்கோட்ரையீனால் என்ற பொருள் இருக்கிறது, வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இதைக் கேட்டால் பெருமையாகத்தான் இருக்கும். எலிகளின் இதயத்தை இது காப்பதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றில் சில, அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இருந்த தீபக் தாஸ் என்பவரின் கூடத்திலிருந்து வந்தவை. 2012 ஜனவரியில் அந்தப் பல்கலைக்கழகமே அவருடைய ஆய்வுகளில் 145 இடங்களில் புனைந்தோ திரித்தோ தகவல் தரப்பட்டிருப்பதாக அறிவித்தது. அதிகம் பேசப்பட்டது சிவப்புத் திராட்சைப் பொருள் பற்றிய ஆய்வுகள்தாம். செம்பனை ஆய்வெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எலி பிழைத்தது என்பதால் மாமா பிழைப்பார் என்று எடுத்துக் கொள்ளாதீர்கள் என்கிறேன். சாதாரண வைட்டமின் ஈயை 9,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்து, மாரடைப்பைத் தடுக்கவில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே தெரிந்து விட்டது. ஆகவே ‘இதயச் செல்லைப் புதுப்பிக்கும்’ என்று சொல்லி யாராவது வீட்டுக்கு வந்து போத்தலை நீட்டினால், ஒரு டீ கொடுத்து அனுப்பி வையுங்கள். (சிரிப்பு)

அன்றாடப் பாதுகாப்பு என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. அது நம் உடம்பே செய்வது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் போட்டு, பிரித்து, ஜீரணித்து, புதியதை உண்டாக்குகிறது. தோட்டத்தில் மறுநடவுக்கு முன் கிழ மரத்துக்குக் குறி போடுவது மாதிரி. செல் தன்னைத் தானே இப்படித் துப்புரவு செய்து கொள்வதன் அடிப்படையை விளக்கியதற்காகத்தான் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. இனிப்பு நீர் கட்டுக்கடங்காமல் போனால் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிற வேகமும் கூடுகிறது. மலேசியாவில் 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி வளர்ந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நாட்டின் சராசரி 18.3. புகையை விடுங்கள், நடங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதை நீங்கள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறீர்கள். நான் ஆயிரத்து ஒன்றாவது ஆளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

கடிகாரம்தான் மருந்து

சரி, நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவரிடம் திரும்புவோம். மருந்துக்கூடத்துப் பூட்டு எதுவும் அவருக்கு உதவாது. அவருடைய மைட்டோகாண்ட்ரியாவைக் காக்க நிச்சயமாகத் தெரிந்த வழி, குழாயைச் சீக்கிரம் திறப்பது. இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, உறைந்த இரத்தத்தைக் கரைக்கிற ஊசி. மற்றது, குழாய்க்குள் கம்பி செலுத்திப் பலூன் வைத்து விரித்து ஸ்டென்ட் போடுவது. இரண்டாவதுதான் மேல், சீக்கிரம் கிடைத்தால். கிடைக்கத் தாமதமாகும் என்றால் ஊசியை முதலில் போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 30, 80 என்று சொன்னேனே, அந்த எண்களுக்கு இப்போது அர்த்தம் புரிகிறதா?

22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1996இல் ஒரு கணக்கு வெளியானது. வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் கரைக்கும் ஊசி போட்டால், ஆயிரம் பேருக்கு 65 உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கின்றன. இரண்டாவது மணி நேரத்தில் 37. மூன்றாவது மணி நேரத்தில் 26. ஊசியில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது கடிகாரம் மட்டும்.

நகரத்துக்காரர்களுக்குத்தான் இதெல்லாம் நடக்கும், தோட்டத்துக்கு நடக்காது என்று யாரும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள். கோயம்புத்தூரின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி முதலிய இதய மருத்துவர்கள், சிற்றூர் மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு வலைபோல் இணைத்தார்கள். ஆம்புலன்சிலும் சின்ன மருத்துவமனையிலும் இசிஜி எடுத்து அனுப்பும் ஏற்பாடு, அங்கேயே ஊசி, பிறகு மேல் சிகிச்சைக்குப் பயணம். 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காட்டுக்கு இறங்கினர். புது மருந்து ஒன்றும் கிடையாது. இருந்ததை வேகமாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 2023இல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ என்ற பெயரில் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்பும் திட்டத்தையும் தொடங்கியது.

அந்த முதல் வேளையில் ஒன்று ஆஸ்பிரின். 1988இல் 17,187 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஆஸ்பிரின் மட்டும் கொடுத்ததிலேயே ஐந்து வாரத்தில் இதய, இரத்தக் குழாய் மரணங்கள் 23 விழுக்காடு குறைந்தன. கரைக்கும் ஊசியும் சேர்ந்தபோது 42 விழுக்காடு. சில காசு விலையுள்ள மாத்திரை! ஆனால் நீங்களாக எடுத்து வாயில் போடாதீர்கள். வயிற்றுப் புண்ணில் இரத்தக் கசிவு உள்ளவர்களுக்கும், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது ஆபத்து. 999க்குப் பேசும்போது கேளுங்கள், கொடுக்கச் சொன்னால் மென்று விழுங்க வையுங்கள்.

காற்றா, மாரடைப்பா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க முடியாது. நானே இசிஜி இல்லாமல் சொல்ல மாட்டேன். முதல் இசிஜி சரியாக இருந்தாலும் சில நேரம் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், இரத்தப் பரிசோதனையும் வேண்டியிருக்கும். ஏப்பம் வந்ததால் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. நெஞ்சில் இறுக்கம், அது தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, இவற்றில் எது வந்தாலும் சந்தேகப்படுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் மூச்சு வாங்கலாகவும் வரலாம். பெண்களுக்கும் அப்படி வருவதுண்டு. நம் அம்மாக்கள் அதையும் சொல்ல மாட்டார்கள். சோற்றை வடித்து வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள்.

சந்தேகம் வந்தால் 999. மோட்டார் சைக்கிளில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள், அவரை ஓட்டவும் விடாதீர்கள். குளுவாங்கா, ஜொகூர் பாருவா என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள், அதை ஆம்புலன்சில் வருபவர்கள் முடிவு செய்யட்டும். மருத்துவமனை வாசலில் "நெஞ்சு வலி" என்ற வார்த்தையை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். பெயர், அடையாள அட்டை, காலையில் என்ன சாப்பிட்டார் என்பதெல்லாம் பிறகு.

தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு உங்கள் வீடு தெரியாது. செம்பனைக்குள் எல்லாச் சாலையும் ஒரே மாதிரி இருக்கும். இருட்டில் இன்னும் மோசம். போனில் வழி சொல்கிறபோது கோயில், ஆலை, பாலம் என்று அடையாளம் சொல்லுங்கள். ஒருவரை டார்ச் விளக்கோடு பெரிய சாலை முனைக்கு அனுப்புங்கள். இரவில் கேட்டைப் பூட்டி விடுகிறார்கள் என்றால், அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, விடியற்காலை நான்கு மணிக்கு அவரை எப்படி எழுப்புவது என்று இன்று மாலையே போய்க் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.